வேட்டைக்கு ஏத்த வாட்ச்

"கரப்பான்பூச்சி வந்தா என்னைக் கூப்பிடற ஆளு, மான் வேட்டைக்குப் போறீங்களாக்கும்?" என்றாள் வள்ளி.

சேனாபதி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. லேப்டாப்பில் வரிசையாக வாட்ச்சுகளைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில், ஆலன் என்ற ஊரில் வீடு வாங்கியாகிவிட்டது. ஆபீஸில் ஆட்குறைப்புப் பேச்சு. கிரீன் கார்டு விஷயத்தில் டைரக்டர் செழியன் மனசு வைக்க வேண்டும். அந்தச் செழியன்தான் கூப்பிட்டுவிட்டு, "சனிக்கிழமை லானோ காட்டுப் பக்கம் மான் வேட்டை. வர்றீங்களா சேனா?" என்று கேட்டிருந்தார்.

போன வருஷம் அவரோடு போன அனிருத் இப்போது சீனியர் மேனேஜர். வேலை இருக்கிறது என்று நழுவிய இரண்டு பேர் இப்போது லிங்க்டுஇன்னில் பச்சை வளையத்தோடு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். சேனாபதி கணக்குப் போட்டுப் பார்த்து, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவில் முதலாளியையே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இவருக்கு மட்டும் அந்த 'சார்' நாக்கை விட்டுப் போகவில்லை.

வேட்டையில் வேலை ஒன்றும் பெரிதில்லை. துப்பாக்கி செழியனுடையது. சேனாபதி மணி பார்த்துச் சொன்னால் போதும். சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதுதான் சுட ஆரம்பிக்கலாம், முந்தினால் அபராதம். காட்டில் சிக்னல் கிடையாது. போன் வெளிச்சம் அடித்தால் மான் ஓடிவிடும்.

"இருட்டுலயும் பளிச்சுனு தெரியணும். பாறைல இடிச்சாலும் உடையக் கூடாது. அப்படி ஒரு வாட்ச் பார்த்து வாங்கிக்குங்க" என்று செழியன் சொல்லியிருந்தார்.

இட்லி குக்கர் வாங்கவே நாற்பது ரிவ்யூ படிக்கிற ரகம் சேனாபதி. விடுவாரா? ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம், காட்டில் சார்ஜ் போட பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போவது? ஸ்டீல் வெயிலில் மின்னும். வெல்க்ரோ பட்டையைப் பிரித்தால் துணி கிழிகிற சத்தம். கறுப்பு முகத்தில் கறுப்பு எண் பார்க்க ஸ்டைல்தான், ஆனால் அவருடைய வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது வெறும் தார் ரோடு. கடைசியில் ரப்பர் பட்டை, குண்டு குண்டு எண்கள், இருட்டில் தானாக ஒளிரும் தடித்த முட்கள், அடியில் குட்டியாக ஒரு டிஜிட்டல் கட்டம் என்று ஒன்று அமைந்தது.

வந்ததும் அதற்குப் பரீட்சை வைத்தார். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். மாடியிலிருந்து கராஜ் சிமென்ட்டில் போட்டார். ஃப்ரீஸரில் பரோட்டா பாக்கெட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். பரோட்டா எடுக்கப் போன வள்ளியின் கையில் வாட்ச் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தன்னைப் பற்றிக்கூட இந்த மனுஷன் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியலில் இருவரும் காட்டுக்குள் மான் கண்ணில் படாமலிருக்க ஒரு மரக்கூண்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச் சொன்னபடி ஒளிர்ந்தது. நேரம் வந்ததும், "இப்ப சுடலாம் சார்" என்று சேனாபதி பெருமையாகக் கிசுகிசுத்தார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. நன்றாக வெளுத்த பிறகு, கொம்பும் கழுத்துமாக ஒரு கலைமான் புல்வெளியில் வந்து நின்றது. செழியன் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தார்.

சேனாபதிக்கு மானைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கிரீன் கார்டை நினைத்தால் மான் செத்தால் தேவலை என்றும் இருந்தது.

செழியனின் விரல் விசைக்குப் போன நேரம், சரியாக மணி ஏழு.

"பீப் பீப்" என்றது வாட்ச்.

மான் தலையைத் தூக்கியது. அடுத்த நொடி புதர் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தது.

மணிக்கு ஒரு தரம் கத்துகிற வாட்ச் அது. வீட்டிலும் கத்தியிருக்கும். மிக்ஸிக்கும் டீம்ஸ் மீட்டிங்குக்கும் நடுவே அது யார் காதில் விழும்? படித்த அத்தனை ரிவ்யூவில் ஒரு புண்ணியவானும் இதை எழுதவில்லை. எழுதியவர்களில் ஒருத்தனும் வேட்டைக்குப் போனவன் இல்லை போலிருக்கிறது.

"சாரி சார்... ஆஃப் பண்ணணும்னு தோணவே இல்ல" என்றார் சேனாபதி. ஆலன் வீடு, வள்ளி, ஊருக்குப் போகும் விமானம் எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

செழியன் துப்பாக்கியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த வாட்ச்சைக் கழட்டுங்க."

சேனாபதி கழற்றிக் கொடுத்தார். செழியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கி எறியப் போகிறார் என்றே சேனாபதி நினைத்தார்.

"எனக்கு மேல இருக்கறவங்க எல்லாம் வேட்டைக்காரங்க சேனா. திங்கட்கிழமை ஆனா அதுதான் பேச்சு. போகலைன்னா நம்மளை ஆளாவே மதிக்க மாட்டாங்க. அதான் வருஷா வருஷம் வர்றேன். சாட்சிக்கு உங்களை மாதிரி ஒருத்தரையும் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

சேனாபதிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

செழியன் மான் ஓடிய திசையை ஒருமுறை நிம்மதியாகப் பார்த்துவிட்டு, வாட்ச்சை அவர் கையிலேயே கட்டிவிட்டார்.

"எனக்கும் இதே மாடல்ல ஒண்ணு ஆர்டர் பண்ணிடுங்க. மான் வரும்போதெல்லாம் எத்தனை வருஷம்தான் நானே இருமிக்கிட்டு இருக்கறது?"