நான்காவது போல்ட்

"வண்டி சரியாகலைன்னாக்கூடப் பரவாயில்லைங்க. தப்பு யார் மேலன்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு கோரிக்கை அவரிடம் வந்ததில்லை. எதிரே நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மருந்துக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். கார் சாவியை இந்தக் கையிலும் அந்தக் கையிலுமாக மாற்றிக்கொண்டே இருந்தார்.

"உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

"நீங்க உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளுன்னு கடைக்கு வர்றவங்க சொன்னாங்க. அதான் வந்தேன்" என்று பீடிகை போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

போன வருடம் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் வேலை பார்த்து எடுத்த மறுவாரமே இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். பத்தே நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி மாற்றினார்கள், மறுபடி எரிந்தது. வண்டி பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது.

"எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. வேலை தெரியாத ஆளை வச்சு ஏமாத்தறீங்கன்னு மேலிடத்துக்கு ரெண்டு பக்கம் எழுதிப் போட்டேன். அவங்களே போன் பண்ணி, 'அந்த மெக்கானிக்கை வேலையை விட்டே தூக்கிட்டோம் மேடம்'னாங்க. ஏதோ எனக்குப் பரிசு கொடுக்கற மாதிரி."

"சந்தோஷமா இருந்திருக்குமே" என்றார் மெக்கானிக், பானெட்டைத் திறந்தபடி.

"ரெண்டு நாள் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் வேற ஒருத்தர் மூணாவது சென்சார் போட்டாரு. அப்பவும் விளக்கு எரிஞ்சுது. அன்னைக்கோட போச்சுங்க என் தூக்கம். அந்த மனுஷன் மேல தப்பே இல்லையோ? வீட்ல பிள்ளைகுட்டி இருந்திருக்குமே. அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நம்மளை ஏசி ரூம்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே உட்கார வைக்கறாங்க."

மெக்கானிக் பிழை காட்டும் ஸ்கேனரை வண்டியில் செருகினார். அம்மா ஆவலாக எட்டிப் பார்த்தார். திரையில் வந்ததும் அதேதான்: ஆக்ஸிஜன் சென்சார்.

"இதுவும் அதையேதான் சொல்லுது" என்றவரின் முகம் தொங்கிப் போனது.

"இது சொல்லும். இதை நம்பித்தான் பாதிப் பேர் கெட்டாங்க."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து சென்சாரைக் கழற்றினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே இடத்தில் திரும்பவும் மாட்டினார்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. புகைக் குழாய்ல காத்து அதிகமா இருக்குன்னு சொல்லுது. அது பொய் சொல்லலை. அந்தக் காத்து எங்கேருந்து வருதுன்னுதான் யாரும் பார்க்கலை."

"அடக் கடவுளே. காய்ச்சல்காரனை விட்டுட்டுத் தெர்மாமீட்டரை மாத்தியிருக்காங்க."

"அதுவும் மூணு தடவை" என்று மெக்கானிக் முதல் முறையாகச் சிரித்தார்.

அம்மாவையே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பின்னால் போய்ப் புகை வரும் வாயில் பழைய துணியை அடைத்தார். பிறகு சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு குனிந்து, குழாயின் இணைப்புகளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். சென்சாருக்குச் சற்று முன்னால், இன்ஜினை ஒட்டிய இணைப்பில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது.

வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்த இணைப்பில் நான்கு போல்ட்டுகள். ஸ்பேனர் வைத்துப் பார்த்ததில் மூன்று அசையவில்லை. நான்காவதைத் தொட்டதுமே அதன் தலை மட்டும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

மெக்கானிக் அதைத் திருப்பி, அடியில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டினார்.

"என்னங்க ஆச்சு?"

"கிளட்ச் வேலைக்கு இந்தக் குழாயைக் கழட்டினப்போ போல்ட் உள்ளேயே முறிஞ்சிருக்கு. பார்க்கறவங்களுக்கு முழுசா இருக்கற மாதிரி தலையை மட்டும் பசை போட்டு ஒட்டியிருக்கு. அந்த இடுக்கு வழியா வெளிக்காத்து உள்ள போகுது. சென்சார் காத்து அதிகம்னு சொல்லுது, உடனே வண்டி பெட்ரோலைக் கூடுதலா ஊத்துது. அவ்வளவுதான் விஷயம்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா, எவனோ ஒட்டி வச்சதுக்கு ஒரு அப்பாவியோட சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டேன். அவரை எங்கே போய்த் தேடுவேன்? எந்த முகத்தோட மன்னிப்புக் கேட்பேன்?"

மெக்கானிக் மறுபடி வண்டியிடம் குனிந்தார். முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுத்தார். இணைப்பின் நடுவிலிருந்த கேஸ்கெட் வளையத்தை மாற்றிப் புது போல்ட்டை முடுக்கினார். இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்கேனரில் பிழையை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். இன்ஜின் விளக்கு எரியவில்லை. கால் மணி நேரம் பார்த்தும் எரியவில்லை.

கையைத் தேவைக்கு மேல் நேரமெடுத்துக் கழுவிவிட்டு வந்து, அம்மாவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்க யாரையும் தேட வேணாம்மா. போல்ட்டை முறிச்சு ஒட்டினவனும் சென்சாரை மாத்தினவனும் ஒரே ஆளுதான். நீங்க எழுதினது நியாயம். போய் நிம்மதியாத் தூங்குங்க."

அம்மா மறுப்பாகத் தலையை ஆட்டினார். "என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேல இருக்கறவங்க திட்டுவாங்கன்னு பயந்துதான் ஒட்டினேன். ஒரு போல்ட் இல்லாட்டி என்ன குடிமுழுகிடப் போகுதுன்னு நினைச்சேன்" என்றார் மெக்கானிக். "ஒரு தப்பும் பண்ணாதவனோட வேலைக்கு உலை வச்சவங்கன்னு, இன்னைக்குக் காலை வரைக்கும் உங்களைத்தாங்க திட்டிக்கிட்டு இருந்தேன்."