அடுப்பு குக்கரே போதும்

"கரண்ட் குக்கரெல்லாம் சோம்பேறிகளுக்கு. நம்ம பட்ஜெட்டுக்கு அடுப்பு குக்கர் போதும்!" பாத்திரக் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார் கணவர்.

"பட்டனை அமுக்கிட்டு வேற வேலை பாக்கலாம்ங்க. அடுப்புன்னா பக்கத்துலயே நிக்கணும்," என்றாள் மனைவி.

"நின்னா கால் தேஞ்சா போயிடும்? அப்படி என்ன வெட்டி முறிக்கிற?"

கடைக்காரர் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அவள் அடுப்பு குக்கரையே வாங்கினாள். எப்படி அடக்கினேன் பார் என்ற மிதப்பு அவருக்கு.

வாசலுக்கு வந்ததும் அவள் பையை அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு வெளியூர் மாற்றல். இன்னிக்குத்தான் ஆர்டர் வந்துது. ரெண்டு வருஷம் ஹாஸ்டல் சாப்பாடுதான். நீங்க தனியா சமைக்கணுமே, பாவம்னுதான் கரண்ட் குக்கர் கேட்டேன்."