மேளம் நிற்குமா?

கல்முனைக்குப் புதிதாக வந்த டீ.ஆர்.ஓ. அருளம்பலத்துக்கு முதல் பிணக்கே மதப் பிணக்காக வந்து வாய்த்தது. அன்று பின்னேரம் கோயில் ஊர்வலம் பள்ளிவாசலைத் தாண்ட வேண்டும். பள்ளிவாசல் பொறுப்பாளரான மரைக்காரும் கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரும் மழைக்குத் தலையில் கட்டிய சால்வையைக்கூட அவிழ்க்காமல், அவருடைய மேசைக்கு முன்னால் நின்று கத்தினார்கள்.

"தொழுற இடத்துக்கு முன்னால மேளம் நிக்கத்தான் வேணும்" என்றார் தாடிக்காரர்.

"நிக்கப்படாது. பலமா அடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார் மீசைக்காரர்.

அருளம்பலம் ஏற்கெனவே பொலிசுக்கு ஆளனுப்பியிருந்தார். "அவரவர் வணக்கத்தைக் காப்பது அரசாங்கத்தின்ர கடமை" என்று மிடுக்காகத் தொடங்கினார். "ஹாஜியார், நீங்கள் பயப்பிடாதேங்கோ. மேளம் நிக்கும்."

தாடிக்காரர் சால்வையை அவிழ்த்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"நான் வண்ணக்கர் ஐயா. தாடி அம்மனுக்கு நேந்து வளத்தது."

"மரைக்கார் நான்" என்று மீசைக்காரர் முன்னால் வந்தார். "போன வருசம் இவர் மேளத்த நிப்பாட்டினாரு. நாங்க மேளம் பொறுக்காத ஆக்களெண்டு பக்கத்தூர்ச் சம்மாந்துறையான் இன்னமும் நக்கலடிக்கான்."

"நிப்பாட்டாட்டி எங்களுக்கு மரியாத தெரியாதெண்டு சொல்லுவானே" என்றார் வண்ணக்கர்.

அருளம்பலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பள்ளிக்கு முன்னால மேளம் நிக்கட்டும். மரைக்கார் வீட்டு வாசலில சம்மாந்துறைக்குக் கேக்கிற மாதிரி அடிக்கட்டும்."

அன்று பின்னேரம், கலகம் அடக்க வந்த பொலிசார் மரைக்கார் வீட்டு வாசலில், ஊர்வலக்காரர் குடித்துவிட்டு வைத்த சர்பத் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள்.