தொண்ணூற்றொன்றும் முப்பத்தெட்டும்

"பதினாறு பேர்ல பதினாறு பேரும் பாஸா? டீச்சர், இது பள்ளிக்கூடமா, மார்க் அச்சடிக்கிற பிரஸ்ஸா?"

உதவிக் கல்வி அலுவலர் காசிநாதன், எட்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுப் பதிவேட்டை மேசைமேல் போட்டார்.

"விடைத்தாள் எல்லாம் பீரோவுல இருக்குதுங்க சார்" என்றார் தலைமையாசிரியை ஆனந்தமேரி.

"தாள்ல யார் வேணா எழுதலாம்."

அது 1988 ஜனவரி. கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் பஸ் திரும்புகிற கடைசி ஊரில், கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது அந்த நடுநிலைப்பள்ளி. மொத்தமே அறுபத்திரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைக் கீழேயுள்ள பெரிய பள்ளியோடு இணைக்கப் பட்டியல் கேட்டிருந்தார்கள். தேர்ச்சி நன்றாக இருந்தால் விட்டுவிடுவார்கள். காசிநாதன் கொண்டுவந்த படிவத்தின் கடைசி வரி இதுதான்: 'தேர்ச்சி உண்மையானது: ஆம் / இல்லை. வேண்டாததை அடிக்கவும்.'

'ஆம்' அடிபட்டால், மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகள் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடக்க மாட்டார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள். ஆனந்தமேரிக்கு அது தெரியும்.

"மலையில ஏழு பேர், ஊர்ல ஆறு, காலனியில மூணு. எல்லாரும் ஒண்ணு போல பாஸ்" என்று பட்டியலை விரலால் தட்டினார் காசிநாதன். "செப்டம்பர்ல இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. ஒரு வாரம் பஸ்ஸே இல்ல. உங்க வருகைப் பதிவேட்டுல மட்டும் ஒரு ஆப்சென்ட் இல்ல!"

"புள்ளைங்க மரத்து மேல ஏறித் தாண்டி வந்துச்சுங்க சார். ஆனா உள்ள வந்ததும் மூணு மூலையில தனித்தனியா குந்திக்கிச்சுங்க. வூட்டுல பெரியவங்க பேசிக்கினது அப்படி. அப்பதான் நான்..."

"கதை வேணாம் டீச்சர். கணக்குல முதல் மார்க் யாரு? பொன்னுரங்கம், தொண்ணூத்தொண்ணு. கூப்பிடுங்க."

பொன்னுரங்கம் ஊர்ப் பையன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கரும்பலகைக்கு வந்தான்.

"எட்டு ஆள் பதினஞ்சு நாள்ல முடிக்கிற வேலைய, பன்னண்டு ஆள் எத்தனை நாள்ல முடிப்பாங்க?"

பையன் எழுதினான். அழித்தான். எதையோ பெருக்கினான். கழுத்தைச் சொறிந்தான். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவனே செய்ததுபோல அவனுக்கு வியர்த்துவிட்டது. ஒருவழியாக 'பத்து நாள்' என்று எழுதியதும் அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள்.

"இதுக்கே இவ்வளவு நேரமா? தொண்ணூத்தொண்ணு வாங்கினவன் நீதானே?"

"ஆமாங்க சார்" என்றான் அவன், அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே.

"நீ வா. பேரென்ன?"

"தைலம்மாளுங்க சார். மலைங்க."

பதிவேட்டில் அவளுக்கு முப்பத்தெட்டு. வகுப்பிலேயே கடைசி.

"ரோட்டுல கெடக்கிற மரத்த அகற்ற பன்னண்டு ஆளுக்குப் பதினஞ்சு நாள். அஞ்சு நாள் கழிச்சு ரெண்டு ஆள் நின்னுட்டா, மீதி வேலைக்கு..."

"பன்னண்டு நாளு சார்."

அவர் கேள்வியை முடிக்கவில்லை. அவள் சாக்பீஸைத் தொடவில்லை.

காசிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "ஒரு செவ்வகம். சுற்றளவு நாப்பத்தாறு. பரப்பளவு நூத்தி இருபது. பக்கங்கள் எவ்வளவு?"

அவள் கண்ணை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆடு கத்தியது.

"பதினஞ்சு, எட்டு."

"யாரு சொல்லிக் கொடுத்தா இத?"

"யாரும் இல்ல சார். கூட்டினா இருவத்திமூணு வரணும், பெருக்கினா நூத்தியிருவது வரணும். தேடினேன். கெடச்சிது."

இருபத்தெட்டு வருடச் சர்வீஸில் இப்படி ஒரு பிள்ளையை அவர் பார்த்ததில்லை. அடுத்த கணம் கோபம் வந்தது.

"புரிஞ்சிடுச்சு டீச்சர். மலைப் பொண்ணு வாங்கின தொண்ணூத்தொண்ண ஊர்ப் பையன் பேருக்கு மாத்தி எழுதியிருக்கீங்க. ஊர்ல சண்டைக்கு வருவாங்கன்னு பயமா?"

"மாத்தி எழுதினது நெசந்தாங்க சார்" என்றார் ஆனந்தமேரி.

காசிநாதன் பேனாவைத் திறந்து 'ஆம்' என்ற சொல்லின்மேல் வைத்தார்.

"ஆனா பயந்து இல்ல. அதுங்களையே கேளுங்க."

பொன்னுரங்கம் முந்திக்கொண்டான். "எங்க கிளாஸ்ல யாருக்கும் சொந்த மார்க்கு கெடையாதுங்க சார். வேற தெருப் புள்ளயோட ஜோடி போட்டுக்கணும். ஜோடி இன்னா வாங்குதோ அதான் நம்ம பேருக்கு. எனக்கு இன்னா, சும்மா குந்திக்கினே தொண்ணூத்தொண்ணு. தைலம்மாதான் என்கிட்ட மாட்டிக்கிச்சு."

தைலம்மாள் அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு அலுவலரிடம் திரும்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"செப்டம்பர் காலாண்டுல நான் பன்னண்டு மார்க்குதான் சார். இவனுக்குச் சொல்லிச் சொல்லி இப்ப முப்பத்தெட்டு வாங்கிக்கீறேன். முழுப் பரீட்சைக்கு அறுவது வாங்கிடுவேன், எழுதிக்குங்க!"

காசிநாதனின் பேனா நகர்ந்து, 'இல்லை'யை அடித்தது.