தரிசனத்தன்று லீவு

அண்டசராசரத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: கடவுளும் பேரரசருமாகிய ஒரே திருவுருவம் இன்று காலை அரியணையில் காட்சி தரும். முதல் நிலை உயிரினமான நாற்கண்ணர்கள் முன்வரிசையில் குப்புற விழுவார்கள். எட்டாம் நிலைவரை மற்றவர்கள் அடுத்தடுத்து விழுவார்கள். ஒன்பதாம் நிலையினரான வாலர்கள் அவரவர் வீட்டிலேயே விழுந்துகொள்ளலாம்.

அறிவிப்பை அணைத்துவிட்டு, வாலர் குடியிருப்பிலிருந்து ஒரு கணவன் தலைமைக் குருவுக்கு போன் போட்டான்.

"ஐயா, இன்னிக்கு வேலைக்கு வர முடியாதுங்க. வீட்டுல முட்டை விரிசல் விட்டிருச்சு. தலைப்பிள்ளை."

"போன மாசம் வால் வலி, இந்த மாசம் முட்டையா? உன் சம்சாரம் பாத்துக்க மாட்டாளா?"

"பொறந்ததும் அப்பா முகத்தைப் பாக்கலேன்னா, எங்க பிள்ளைங்க அப்பன்கிட்ட ஒட்டவே ஒட்டாதுங்க."

முட்டையை அணைத்திருந்த மனைவி, "என் தம்பியை அனுப்பறேன்னு சொல்லுங்க" என்றாள்.

"என் மச்சானை அனுப்பட்டுங்களா?"

"அசையாம உக்காருவானா?"

"வேற எதுவும் அவனுக்குத் தெரியாதுங்க."

குரு பெருமூச்சு விட்டார். "சரி, வந்து அரியணையில உக்காரச் சொல்லு. எல்லாரும் குப்புறத்தான் கிடப்பாங்க. எவனும் நிமிந்து பாக்க மாட்டான்."

கடவுள் தங்கள் இனம்தான் என்று எட்டு நிலையினரும் நூறாண்டு அடித்துக்கொண்டு, கடைசியில் யாரும் பொறாமைப்படாத இனத்திலிருந்து ஆள் வைத்திருந்தார்கள்.

முட்டை உடைந்தது. குழந்தை அப்பனைப் பார்த்து, ஆசையாக அவன் மூக்கைக் கடித்தது.

அந்நேரம் புதுக் கடவுள் பின்வாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார். முன்வாசலில் வாலர்களுக்கு அனுமதி இல்லை.