பாப்பாவுக்கு ஒரு திட்டம்

"சார், உங்க பாப்பா படிப்புக்கு ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கு" என்றாள் வங்கியிலிருந்து பேசிய பெண். எங்களுக்குக் குழந்தையே இல்லை என்றேன்.

"இருக்கே சார். உங்க கார்டு செலவையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு அலசிப் பார்த்தோம். வீட்டுல ஆறு வயசுப் பொண்ணுன்னு காட்டுது."

அந்தக் கார்டை நான் தொட்டதே கிடையாது. வீட்டுச் செலவுக்கென்று ஜெனிட்டாவிடம் கொடுத்துவைத்திருந்தேன். என் மனைவி.

மாலையில் அவளிடம் சொல்லிச் சிரித்தேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"அந்த மெஷினுக்கு என்ன தெரியும்?" என்றாள் எரிச்சலாக.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"ஆறு வயசாம்! வர்ற டிசம்பர்லதானங்க நம்ம பாப்பாவுக்கு அஞ்சே முடியுது?"