தூங்குமூஞ்சி சிப்

மலை மேலிருக்கும் தேன்பெட்டியின் சூட்டை மணிக்கொரு தரம் அளந்து ஒயர்லெஸ்ஸில் அனுப்ப ஒரு சிப் வேண்டியிருந்தது. செண்பகவல்லியின் மேஜையில் இரண்டு கிடந்தன.

“எனக்குப் பாட்டு, படம் எல்லாம் வரும். தூங்குமூஞ்சி உனக்கென்ன வரும்?” என்றது பெரிய சிப்.

குட்டி சிப்புக்குச் சுருக்கென்றது. “ஆமா, வேலை முடிஞ்சா தூங்குவேன். அதுக்கென்ன இப்போ?”

அவள் பெரியதையே கொண்டுபோய் வைத்தாள். வேலையில்லாத நேரத்திலும் அது கொட்டக் கொட்ட விழித்திருந்தது. நாலாம் நாளே பேட்டரி காலி. வேறு வழியில்லாமல் குட்டியை வைத்தாள்.

ஒரு வருஷம் தவறாமல் தகவல் வந்தது. புதுப் பேட்டரியோடு மலையேறி மூடியைத் திறந்தாள்.

“பழசே பாதி இருக்கு. அடுத்த மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. மூடிட்டுப் போங்கக்கா, தூங்கணும்” என்றது குட்டி.